முப்பத்தேழு காட்டிய கட்டம்

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. ரீல் விடுகிறாள் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, அணைந்த விளக்கு என்று எதிர்பார்ப்பவர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இது பட்டப்பகலில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, மதியம் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

நான் வேலை பார்ப்பது மூன்றே பேர் இருக்கும் ஆபீஸ். முதலாளி, நான், சோடாபுட்டி போட்ட ஒருத்தன். அவனைக் கண்ணாடி என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். கடல் எப்படி இருக்கும் என்று வரைபடம் போட்டுப் படகுகளுக்கு அனுப்புவது எங்கள் பிழைப்பு. பெரிய வானிலை மையம் ஒன்றிலிருந்து தினமும் ஒரு ஃபைல் வரும். கடலையும் கரையையும் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு எண் வீதம் மொத்தம் நாலு லட்சம் எண்கள். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு தொகுப்பு. அதைப் படித்துப் படமாக்கும் மென்பொருள் என் பொறுப்பு.

அந்தப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியவன் என் அண்ணன். படகில் எஞ்சின் பார்ப்பவன். "என் தங்கச்சி சரின்னு சொன்னாதான் நான் ஏறுவேன்" என்று கரையெல்லாம் தம்பட்டம் அடிப்பான். அன்றைக்கும் அவன் கடலில்தான் இருந்தான். முந்தின நாள் நான் சரி என்று சொன்னதால் போனவன்.

11.40க்கு முதலாளி போன் செய்தார்.

"படம் தலைகீழா இருக்கும்மா. கடல்ல வெயில் அடிக்குது, கரையில மீன் பிடிக்கலாம் போல. மூணு மணிக்குள்ள சரியானது போகணும்."

போனேன். ஆபீஸில் யாரும் இல்லை. பார்த்தவுடன் கோளாறு பிடிபட்டது. மையத்துக்காரர்கள் ஃபைலை எழுதும் முறையை மாற்றியிருந்தார்கள். இதுவரை கட்டங்களைத் தெற்கிலிருந்து எண்ணினார்கள். இப்போது வடக்கிலிருந்து. எங்கள் மென்பொருள் பழைய ஞாபகத்தில் கீழிருந்தே படித்து, வடக்கைத் தூக்கித் தெற்கில் வைத்துவிட்டது. ஒரு வரியை மாற்றினேன். 12.50க்குப் படம் நிமிர்ந்தது. அப்பாடா என்று இருந்தது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுக்கடலில் ஒரே ஒரு கட்டம் மட்டும் சிவப்பாக இருந்தது.

கடல் நீரின் வெப்பம் அன்றைக்கு எல்லா இடத்திலும் இருபத்தெட்டு டிகிரி, கொஞ்சம் முன்னே பின்னே. அந்தக் கட்டத்தில் மட்டும் 37.0. எண் விடுபட்ட இடமாக இருந்தால் 9999 என்று வரும். மென்பொருள் தப்பாகப் படித்திருந்தால் பக்கத்துக் கட்டங்களும் கெட்டிருக்கும். இது ஒன்று மட்டும்… சுத்தமாக, முப்பத்தேழு.

கண்ணாடிக்குப் போன் போட்டேன்.

"ஒரு கட்டத்துக்கா என் தூக்கத்தைக் கெடுத்த? சுத்தி இருக்கிற எட்டு எண்ணுக்குச் சராசரி எடுத்து அது மேல அடிச்சிடு. வழக்கமா செய்யறதுதானே?"

உண்மைதான். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. ஊரோடு ஒட்டாத எண்ணைத் தூக்கிவிட்டு ஒட்டுகிற எண்ணை வைப்போம். அதற்குப் பெயர் சுத்தம் செய்வது.

1.15. சுத்தம் செய்யும் முன் எந்த மணியில் ஆரம்பிக்கிறது என்று பார்த்தேன். அன்று சாயங்காலம் நான்கு மணிக்கான தொகுப்பில். அதற்கு முன் எங்கேயும் இல்லை. ஐந்து மணித் தொகுப்பைத் திறந்தேன். சிவப்புக் கட்டம் இருந்தது. ஆனால் ஒரு கட்டம் கிழக்கே தள்ளி. 36.1.

ஆறு மணி. இன்னும் ஒரு கட்டம் கிழக்கே. 34.8.

ஏழு மணி… 33.0.

எட்டு… 31.1.

ஒன்பது… 29.4.

பத்து மணித் தொகுப்பில் தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. கடலோடு கடலாகிவிட்டது.

முப்பத்தேழு. இந்த எண்ணை எங்கேயோ தினமும் பார்த்திருக்கிறோமே என்று யோசித்தேன். போன வருஷம் அம்மா படுத்திருந்தபோது தெர்மாமீட்டரில் எப்போது வரும் என்று நான் காத்துக்கிடந்த எண் அது.

காய்ச்சல் இல்லாத உடம்பின் சூடு.

உடனே என்னையே திட்டிக்கொண்டேன். இது வெறும் கணிப்பு. சாயங்காலம் நான்கு மணி இன்னும் வரவே இல்லை. யாரும் போய் அளந்த எண் இல்லை. அதுவும் காலையிலிருந்து பொய் சொல்லிக்கொண்டிருக்கும் மென்பொருள். இதை முதலாளியிடம் சொன்னால் ஒரு வருஷத்துக்கு ஓட்டுவார்.

1.38. ஆறு கட்டங்களுக்கும் சராசரி எடுத்தேன். கையாலேயே அடித்தேன். அதே ஃபைலின் மேலேயே சேமித்தேன். நகல் எடுக்கவில்லை. எந்த வரிசை, எந்தக் கட்டம் என்று எழுதியும் வைக்கவில்லை.

சிவப்பு போய்விட்டது.

1.43. என் போன் அடித்தது.

அண்ணன் நம்பர்.

அவ்வளவு தூரத்தில் போன் எடுக்காது. வயர்லெஸ்தான். எடுத்தேன்.

"அண்ணா?"

சளக்… சளக்… தண்ணீர் சத்தம். வாய்க்கு மிக அருகில் தண்ணீர்.

"அண்ணா, கேக்குதா?"

மூச்சு. நீளமாக. அப்புறம் அவன் குரல். சாட்சாத் அவன் குரல். பல் கிட்டித்துப் போனவன் பேசுவதுபோல…

"குட்டி… ஏன் அழிச்ச…"

துண்டித்துவிட்டது.

போனைப் பார்த்தேன். வந்த அழைப்புகளில் கடைசியாக முதலாளி. 11.40. அதற்குப் பின் எதுவும் இல்லை.

எழுந்து வயர்லெஸ்ஸுக்கு ஓடினேன். படகின் எண்ணைச் சொல்லிக் கத்தினேன். ஏழெட்டு நிமிஷம் இரைச்சல் மட்டும். 1.52க்குப் பதில் வந்தது. அண்ணனே பேசினான்.

"என்ன குட்டி, ஞாயித்துக்கிழமையும் ஆபீஸா? உன் முதலாளி உன்னைப் பிழிஞ்சு காயப் போட்டுடுவான் போல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"நீ எனக்குப் போன் பண்ணியா?"

"இங்க ஏது சிக்னல்? போன் பெட்டிக்குள்ள கிடக்கு. இப்பதான் சாப்பிட உக்காந்தோம். என்ன விஷயம், காத்து எழும்புமா?"

இந்த இடத்தைத்தான் நான் தினமும் நினைத்துப் பார்க்கிறேன். சொல்லியிருக்கலாம். நாலு மணிக்குத் தளத்துக்கு வராதே, உள்ளே படு, யார் கையையாவது பிடித்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னால் கேட்பவன் அவன் ஒருத்தன்தான். ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு கட்டத்தில் முப்பத்தேழு வந்தது, பயமாக இருக்கிறது என்று வயர்லெஸ்ஸில், பத்துப் படகு கேட்க, எப்படிச் சொல்வது?

"இல்லண்ணா. கடல் நல்லாத்தான் இருக்கும்."

"நீ சொன்னா சரி."

அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது.

2.55க்குப் படத்தை அனுப்பினேன். வீட்டுக்குப் போய் அம்மாவோடு உட்கார்ந்துகொண்டேன்.

5.35க்கு முதலாளி போன் செய்தார். குரலே சரியில்லை. நான்கு மணிக்கு அண்ணன் பின்பக்கம் வாளி கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். நாலே முக்காலுக்கு வாளி மட்டும் இருந்திருக்கிறது. கடலில் அலையே இல்லை. படகு ஓடிக்கொண்டே இருந்ததால் எந்த இடத்தில் விழுந்தான் என்று யாருக்கும் தெரியவில்லை.

எனக்குத் தெரியும்.

செருப்பு கூடப் போடாமல் ஆபீஸுக்கு ஓடினேன். 36.1 எங்கே இருந்தது? என் ஃபைலில் அழித்துவிட்டேன். மையத்திலிருந்து அதே ஃபைலை மறுபடி இறக்கினேன். ஐந்து மணித் தொகுப்பைத் திறந்தேன்.

எல்லா இடத்திலும் இருபத்தெட்டு.

ஆறு மணி. இருபத்தெட்டு.

ஏழு…

நாலு லட்சம் கட்டம். கண்ணாடியும் வந்து தேடினான். "நீ சொன்ன மாதிரி எதுவுமே இல்லையே" என்றான் மெதுவாக. கடலில் இருபது படகுகள் விளக்கு போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தன. எங்கே போகச் சொல்வது என்று தெரியாமல் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சுவர்க் கடிகாரம் பத்து அடித்தபோது அதற்கு மேல் தேடவில்லை.

மூன்றாம் நாள் கிடைத்தான்.

ஒன்றரை மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். நான் கைவைத்த ஃபைலையும், அன்று சாயங்காலம் மையத்திலிருந்து மறுபடி இறக்கிய ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லி மென்பொருளை ஓட்டினேன். ஆறு கட்டமாவது மாறியிருக்கும், அண்ணன் இருந்த இடமாவது தெரியும் என்ற ஆசை.

ஒரு வித்தியாசமும் இல்லை என்று வந்தது.

நம்பவில்லை. மையத்தின் எண்களில் புள்ளிக்குப் பின் ஒரே இலக்கம், நான் அடித்த சராசரிகளில் இரண்டு; அன்றிரவு தோன்றாத அந்த அடையாளத்தை வைத்து என் ஃபைலில் ஆறையும் பிடித்து, ஒவ்வொன்றாகச் சராசரியைச் சரிபார்த்தேன். அப்படித்தான் அந்த மூன்றாவது எண் கண்ணில் பட்டது. ஆறு மணிக் கட்டம். சராசரி 28.43. நான் அவசரத்தில் இலக்கங்களை மாற்றி 28.34 என்று அடித்திருக்கிறேன். அன்றைக்கு நானே கவனிக்காத தப்பு.

மையத்தின் ஃபைலிலும் அதே கட்டத்தில் 28.34.

மையத்துக்கு எழுதிக் கேட்டேன். அந்த ஃபைல் ஒரே ஒரு தடவைதான் எழுதப்பட்டது, அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை என்று பதில் போட்டார்கள். எழுதிய நேரத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள்.

சனிக்கிழமை, மாலை 6.00.

நான் அவனை அழிப்பதற்குப் பத்தொன்பது மணி நேரம் முன்பு.