அக்கரையில் இறங்காதவர்

என் கணவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். வகுப்பு இல்லாமற்போனாலும் அவருக்குப் பேச ஆள் வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பாலம் இல்லை. வாவியைத் தோணியில்தான் கடக்க வேண்டும். அவர் அதில் ஏறிவிடுவார். அக்கரையில் ஒரு அலுவலும் கிடையாது. இறங்காமலே அடுத்த கூட்டத்தோடு திரும்புவார்.

ஒருநாள் மத்தியானம் கோபத்தோடு துறைக்குப் போனேன்.

"சோறு ஆறிட்டுது."

"சோறு ஆறினாப் பரவாயில்ல, கதை ஆறப்படாது. ஏறு."

ஏசுவதற்கென்றே ஏறினேன். அவர் சொல்லிக்கொண்டிருந்தது, பள்ளிக்கூடத்துப் பழைய அதிபரை மாடு துரத்திய கதை. மீன்காரி ஒருத்தி கூடை குலுங்கச் சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அக்கரையில் எல்லாரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை, மாடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது, எங்கள் இருவரையும் கூப்பிட வந்த மகள் இடுப்பில் கையோடு நின்றாள்.

"ஏறு மகள், இடமிருக்கு" என்றேன் நான்.