ஸ்டெல்லாவின் பாதி

போன வாரம் வீட்டுக்கு இன்டர்நெட் பெட்டி மாட்ட வந்தவர், அதைக் கவிழ்த்து அடியிலிருந்த நம்பரைப் போனில் யாருக்கோ வாசித்தார். "இது யாருங்க போட்டது?" என்றேன். "கம்பெனியிலயே வந்துரும்மா. ஒரு பெட்டி நம்பர் இன்னொரு பெட்டிக்கு இருக்காது" என்றார். புதுப் பிளாஸ்டிக் வாசனை. எனக்கு வேறொரு வாசனை ஞாபகம் வந்தது: ஈயம் பற்றவைக்கும்போது குங்கிலியம் போல எழும் புகை. அதோடு ஸ்டெல்லாவும் வந்துவிட்டாள்.

எண்பதுகளின் கடைசி. கணவர் காலமான பிறகு, ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து, தில்லை நகரில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போனேன். கம்ப்யூட்டர்களை வயரால் கோத்துவிடுகிற கார்டுகள் அங்கே தயாராகும். நான் மூன்றாம் வகுப்பு தாண்டாதவள். ஆனாலும் மூக்குத்தித் திருகு போன்ற பொடிச் சாமானைக் கையாள்வதில் என்னை அடிக்க அங்கே ஆளில்லை, இப்போதும் சொல்வேன்.

ஒவ்வொரு கார்டிலும் அரிசி போல எட்டு சுவிட்ச் வரிசையாக இருக்கும். ஊசியால் சிலதை மேலே, சிலதைக் கீழே தள்ளினால் அதுதான் அந்தக் கார்டின் நம்பர், கதவிலக்கம் மாதிரி. ஒரே ஆபீசுக்குப் போகும் இரண்டு கார்டுக்கு ஒரே நம்பர் விழுந்தால் தொலைந்தது. யாருக்கு வந்த செய்தி என்று தெரியாமல் எல்லாம் மக்கர் பண்ணும். எட்டும் கீழே இருக்கவே கூடாது. அது எல்லோரையும் சேர்த்துக் கூப்பிடுகிற நம்பர். தனியாள் யாருக்கும் கிடையாது.

எதிர் நாற்காலியில் ஸ்டெல்லா. வாய் ஓயாது. என் டப்பாவைத் திறந்து, "இன்னைக்கும் எலுமிச்சஞ்சோறாக்கா? உங்க ரங்கநாதரே அலுத்துப்போய்த் திரும்பிப் படுத்துருப்பாரு" என்பாள். எங்கள் நம்பர்கள் மோதாமலிருக்க அவள்தான் பாகம் பிரித்தாள். முதல் சுவிட்ச் மேலே இருந்தால் அவளுடையது. கீழே இருந்தால் என்னுடையது.

தலைப்பிரசவத்துக்கு மணப்பாறைக்குப் போனாள். செருப்பை மாட்டிக்கொண்டே, "என் பாதியில யாரையும் விட்டுறாதீங்கக்கா. வந்துருவேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவள் நாற்காலிக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். "ஸ்டெல்லா பாதிய இவங்களுக்குக் குடுங்க" என்றார் சூப்பர்வைசர்.

"அதுக்கு ஆள் இருக்குங்க" என்றேன். என் பாதியையே இரண்டாக்கினேன்: இரண்டாவது சுவிட்ச் மேலே என்றால் புதியவளுக்கு, கீழே என்றால் எனக்கு. இன்னொருத்தியும் வந்தாள். எனக்கு மிஞ்சியதை மூன்றாவது சுவிட்சில் பிரித்துக் கொடுத்தேன்.

"நல்ல ஆளும்மா நீங்க! பங்களாவப் பூட்டி வெச்சுட்டு மாடிப்படிக்கு அடியில குடித்தனம் பண்றீங்க" என்று சிரித்தார் சூப்பர்வைசர்.

சிரிக்கட்டும் என்று இருந்தேன். வேலை நின்றதா என்ன?

ஒரு மத்தியானம் ஸ்டெல்லா குழந்தையோடு வந்து நின்றாள். ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். "அவருக்கு பம்பாய்க்கு மாத்தலாயிருச்சுக்கா. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். ஒரு கார்டை எடுத்து நீட்டினேன். "உன் பாதி அப்படியே இருக்குடி."

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எந்தப் பாதிக்கா?"

குழந்தை அழ ஆரம்பித்தது. தோளில் தட்டிக்கொண்டே போய்விட்டாள்.

மறுநாள் ஸ்டெல்லா நாற்காலிக்கு வந்தவளைக் கூப்பிட்டு, "இனிமே முதல் சுவிட்ச மேல தள்ளிக்கோம்மா" என்றேன். அவள் ஊசியை எடுத்துத் தள்ளினாள்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது கிளினிக். எட்டு சுவிட்ச் வைத்த கார்டை இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்த்தே இருக்க மாட்டார்கள். எல்லாமே நம்பரோடு பிறந்து வருகின்றன. எதிரே உட்கார்ந்து, இது உனக்கு, இது எனக்கு என்று பிரிக்க யாருக்கும் யாரும் வேண்டியதில்லை.