என் மகளுக்கு நான் எழுதிய திகதி

என் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள் என்று ஊருக்கு நான் சொன்னது பொய். அதே பொய்யை டொக்டரிடமும் சொன்னேன். அவளுடைய உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று எட்டு மாதம் யாருக்கும் தெரியாமல் போனது அதனால்தான்.

நான் யார் என்று நீங்கள் அறிய வேண்டும். கற்பிட்டியில் எங்கள் தெருவின் பிறப்பு, நிக்காஹ், மவுத்து எல்லாவற்றுக்கும் திகதி எழுதி வைப்பவள் நான். யாரும் தந்த வேலையல்ல. சந்தேகம் வந்தால் பள்ளிவாசலிலிருந்தும் என்னிடம் ஆள் அனுப்புவார்கள். கையில் கிடைப்பதையெல்லாம் வாசிப்பேன். உடலைப் பற்றிய நூல்களும் அவற்றில் உண்டு. அறியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

நுஸ்ராவுக்கு அப்போது பதினைந்தரை வயது. அவளோடு படித்த பிள்ளைகள் எல்லோரும் பெரியபிள்ளையாகிவிட்டார்கள். கணவரின் அக்கா, என் மைனி, வரும்போதெல்லாம் விசாரிப்பார். ஒரு நாள் ஆட்கள் நிறைந்த கல்யாண வீட்டில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்: "பொம்புளப் புள்ளதானே பெத்தீங்க? நல்லாப் பார்த்தீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்!

அடுத்த கிழமை, ஸபர் மாதம் ஏழாம் பிறை, நுஸ்ரா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். அது என்ன வலி என்று எனக்குத் தெரியும். இன்று இல்லாவிட்டால் நாளை... என்று மனம் முந்திக்கொண்டது. மைனிக்குக் கோல் எடுத்துச் சொல்லிவிட்டேன். பின்னேரமே, ஊருக்குச் செய்தி சொல்லும் இனிப்பாக வட்டிலப்பம் செய்து தெருவில் பதினொரு வீடுகளுக்கு அனுப்பினேன். கொப்பியில் திகதியையும் எழுதினேன்.

மறுநாள் வந்தது. இரத்தம் வரவில்லை.

வலி நான்கு நாளில் அடங்கியது. அடுத்த மாதம் மறுபடியும் வந்தது. அதற்கடுத்த மாதமும்... பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்தேன்: இருபத்தெட்டு நாள், இருபத்தொன்பது நாள், இருபத்தெட்டு நாள். ஏதோ ஒன்று மாதாமாதம் வந்து, வெளியேற வழியில்லாமல் நிற்கிறது என்று அதைப் பார்த்தே எனக்கு விளங்கியிருக்க வேண்டாமா? யாரிடமும் சொல்லாதே, தானாக வரும் என்று பிள்ளையின் வாயை அடைத்தேன்.

நான்காம் மாதம் வலி பொறுக்காமல் ஒரு டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனேன். டொக்டர் சிங்களவர். அவர் கேட்பதைத் தமிழில் சொல்ல நின்ற உதவியாளர் பரீனா, எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். என் வட்டிலப்பத்தைச் சாப்பிட்டவர். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று டொக்டர் கேட்பதாகப் பரீனா சொன்னார். கட்டிலில் படுத்திருந்த நுஸ்ரா என்னைப் பார்த்தாள்.

எனக்குச் சிங்களம் தெரியும். டொக்டரிடம் நேராகவே சொல்லியிருக்கலாம். ஆனால் அது பரீனாவுக்கும் விளங்குமே...

"ஓம், மாசா மாசம் வருது," என்றேன். கடைசியாக வந்த திகதி என்று ஒன்றையும் சொன்னேன். டொக்டர் அதை எழுதிக்கொண்டு, சலத்தில் கிருமி, சிறுநீர்த் தொற்று, என்று மருந்து தந்தார்.

எட்டாம் மாதம் ஒரு காலையில் அவளுக்குச் சலமே போகவில்லை. வேனில் போட்டுக்கொண்டு நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே ஒரு பெண் டொக்டர் என்னைத் தனியே அழைத்து விசாரித்தபோதுதான் உண்மை என் வாயிலிருந்து வந்தது. பிறவியிலேயே யோனிவழிக்குக் குறுக்கே ஒரு சவ்வு. அதற்கு மேல் எட்டு மாத இரத்தம் தேங்கிச் சலப்பையை நெரித்திருந்தது. ஸ்கேன் பண்ணியபோது வலது சிறுநீரகமே இல்லை என்றும் தெரிந்தது. கருவில் இந்த உறுப்புகள் அருகருகே உருவாவதால், ஒன்று பிசகினால் மற்றதும் பிசகுவதுண்டாம்.

சவ்வை வெட்டித் திறந்தார்கள். ஆனால் பின்னோக்கி ஏறிய இரத்தம் ஒரு கருக்குழாயைக் கெடுத்திருந்தது.

பிறவியில் வந்தது, யார் மேலும் குற்றமில்லை என்று டொக்டர் சொன்னதையே என் கணவர் எனக்கு ஆறுதலாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். டிஸ்பென்சரியில் நான் சொன்ன பொய் அவருக்குத் தெரியாது. சவ்வு பிறவியில் வந்தது... சரி. அந்த எட்டு மாதம்?

நுஸ்ராவுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. தில்லையடியில் கல்யாணம் முடித்து இரண்டு வருடமாகிறது. இன்னும் குழந்தை இல்லை. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சலக்குழாயில் சின்ன ஒபரேசன் என்று மட்டும் சொல்லியிருந்தோம். அதைச் சொன்னதும் நான்தான்.

போன செவ்வாய்க்கிழமை காலை, குழந்தைப்பேற்றுக்காகப் போயிருந்த கிளினிக்கிலிருந்து கோல் எடுத்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"உம்மா, முதன்முதல் எப்ப வந்ததெண்டு ஃபோமில கேட்டிருக்கு. மாமி உள்ளுக்கு இருக்கிறா, நான் வெளிய வந்துதான் பேசுறேன். எந்தத் திகதிய எழுத?"

வட்டிலப்பத்தின் திகதியா? இரத்தம் உண்மையில் வெளியே வந்த ஒபரேசனின் திகதியா? அன்று டிஸ்பென்சரியில் நான் பொய் சொன்னதால்தான் உனக்கு இப்படியானது மகள், என்று சொல்லத் தொடங்கினேன். முடிக்க விடவில்லை.

"தெரியும் உம்மா. கட்டில்ல படுத்திருந்தது நான்தானே. எனக்கும் வாய் இருந்திச்சு. நானும் பேசாமத்தான் இருந்தேன்."

ஆறு வருடமாக என் பிள்ளை இப்படியா நினைத்துக்கொண்டிருந்தாள்! தன்னையும் குற்றவாளியாக்கி... அப்படியில்லை, நீ பிள்ளை, நான்தான், என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளே அவளுடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். உண்மையானதை எழுது என்று அவசரமாகச் சொன்னேன். அது அவள் காதில் விழுந்ததா, அதற்கு முன்பே கோல் அறுந்ததா...

இன்று ஞாயிறு. ஐந்து நாளாகிறது. எதை எழுதினாள் என்று அவள் சொல்லவில்லை. கேட்க எனக்குத் துணிவும் இல்லை.