நாலு மாரியும் கவிழ்ந்து கிடந்த பானை

பெரியம்மாவின் அலுமினியச் சோற்றுப் பானை நான்கு மாரிகாலம் கட்டிலுக்குக் கீழே கவிழ்ந்து கிடந்தது. இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. ஒரு நாள்கூடச் சோறில்லாமல் இருக்கமாட்டாத மன்னார்க்காரி, இத்தாலியின் பலெர்மோ நகரக் குளிரில் பாண் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்று காலம் தள்ளினார். அரிசிக்குத் தட்டுப்பாடா? இல்லை. அவர் வேலை செய்த வீட்டின் எசமானி, சிஞ்ஞோரா, ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான்.

பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் சிஞ்ஞோராவின் பழைய வீடு. பெரியம்மா மேலே கூட்டித் துடைத்துச் சமைப்பார். கீழே, பூச்சு வேலைகூட முடியாத நிலவறையில் தனக்குச் சோறு அவித்துச் சாப்பிட்டுப் படுப்பார். அம்மா சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் பழம் பிடுங்கப் போனதால், பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அங்கேதான். மழை தொடங்கினால் தெருப்பக்கச் சுவர் ஊறி, தலையணைகூடப் பூஞ்சணம் மணக்கும். குளிர் ஏறாமல் ஒட்டச் சொல்லிச் சிஞ்ஞோரா ஒரு கட்டு வெள்ளை ரெஜிபோம் நுரை அட்டை தந்தார். பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மா கதிரையில் ஏறி நின்று, கறிக்கத்தியால் வெட்டி வெட்டித் தானே ஒட்டினார். "இனி இந்தச் சுவர் வேர்க்காது பிள்ளை" என்று அவர் சிரித்தது நினைவிருக்கிறது.

அடுத்த மழைக்கே அட்டைகளின் இடுக்குகளால் பூஞ்சணம் கறுப்பாக எட்டிப் பார்த்தது. சிஞ்ஞோரா இறங்கிவந்து மூக்கைச் சுளித்தார். "நீ சோறு அவிக்கிறாய், அந்த ஆவிதான் என் சுவரைத் தின்கிறது" என்றார். பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டு "ஸி, சிஞ்ஞோரா" என்று ஒத்துக்கொண்டார். அன்று பானை கட்டிலுக்குக் கீழே போனது.

"ஏன் பெரியம்மா, அவவுக்கு மேலை ஒவ்வொரு நாளும் நீங்கள் பாஸ்தா அவிக்கிறியள். அதிலை ஆவி வராதோ?" என்று கேட்டேன்.

"வாயைப் பொத்து பிள்ளை. அவ கையெழுத்து வைக்காட்டி எனக்குப் பெர்மெஸ்ஸோ இல்லை. பிறகு இஞ்சை எப்பிடி இருக்கிறது?"

வேலை தருபவரின் கையெழுத்தில்தான் நாட்டில் தங்கும் உரிமையே தொங்கியது. அதனால் சுவரின் குற்றத்தையும் பெரியம்மாதான் சுமந்தார்.

பெரியம்மா நாலாம் மாரியோடு அந்த நிலவறையை விட்டுவிட்டார். நான் இப்போது ஜியோமெத்ரா. கட்டடங்களை அளந்து, பழுது பார்த்துச் சொல்வது என் தொழில். போன மாதம் சிஞ்ஞோரா அழைத்தார். நிலவறையைச் சுற்றுலாக்காரருக்கு வாடகைக்கு விடப்போகிறாராம், சுவருக்குப் புது அட்டை ஒட்ட வேண்டுமாம். "நீ எங்கள் வீட்டுப் பிள்ளையல்லவா?" என்றார். எங்கள் வீட்டுப் பிள்ளையாம்! என்ன நெஞ்சழுத்தம்!

போனேன். பல வருடமாக யாரும் அடுப்பு மூட்டாத அறையில் சுவர் அப்படியே ஊறிக் கிடந்தது. பழைய அட்டைகளைக் கழற்றி, வெறும் கல்லில் ஒரு துண்டுப் பொலித்தீனை நாலு பக்கமும் இறுக்கி ஒட்டிவிட்டு வந்தேன். அறையின் ஆவிதான் காரணமென்றால் பொலித்தீனின் அறைப்பக்கம் நனையும், சுவருக்குள்ளிருந்து ஊறினால் சுவர்ப்பக்கம் நனையும். மூன்று நாள் கழித்துப் பார்த்தபோது அறைப்பக்கம் காய்ந்திருந்தது. சுவர்ப்பக்கம் தண்ணீர் வழிந்தது. கொத்திப் பார்த்தால், மொட்டைமாடியிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர்க் குழாய் சுவருக்குள் வெடித்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க அன்றைக்கு அரிசி வந்த பொலித்தீன் பையே போதுமாக இருந்திருக்கும்.

சிஞ்ஞோராவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தோளைக் குலுக்கினார். "பழைய வீடு, அப்படித்தான். மேலால் ஒட்டிவிடு, யார் பார்க்கப் போகிறார்கள்?" பெரியம்மாவைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. குழாயைத் திருத்தாமல் ஒரு அட்டையும் ஒட்டமாட்டேன், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

நேரே ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு அருகில், பெரியம்மாவின் இரண்டாம் மாடி வீட்டுக்குப் போனேன். அடுப்பில் அதே பானை கொதித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் விரியத் திறந்திருந்தது. சால்வையைப் போர்த்திக்கொண்டு குளிரில் நின்றார். சொந்த வீட்டிலும் சோறு அவிக்கும்போது, ஆவி சுவரில் படக்கூடாதென்று அவர் அப்படித்தான். நடந்ததெல்லாம் சொன்னேன்.

"குழாயோ?"

"ஓம் பெரியம்மா, குழாய்தான். உங்கடை சோறில்லை."

அகப்பையால் பானையைக் கிளறினார். "நாலு மாரி பாண் திண்டனே பிள்ளை" என்றார்.

பிறகு போய் ஜன்னலை அறைந்து சாத்தினார்.