மௌன வேளையில் வந்த சீட்டு

தூத்துக்குடியை அடுத்த முயல்தீவின் கிழக்குக் கரையில் இருபது கல்லூரிப் பையன்கள், மடியில் வேதப்புத்தகத்தோடு, ஆளுக்கொரு பக்கமாக வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அந்தக் காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இரண்டாம் உலகச் சண்டை முடிந்திருந்த சமயம். இன்று எனக்கு ஐந்து தோணிகள். ஒருவர் தயவும் இல்லாமல் வாங்கியவை. அன்று இருந்தது ஒரு வள்ளமும், அதன் பின்னால் கட்டி இழுக்கும் சின்ன ஓடமும்தான். ஆனாலும் என்னைப்போல் கடல் தெரிந்தவன் தூத்துக்குடியில் இல்லை என்பதால் கிறிஸ்தவ மாணவர் சங்கத்துச் செயலாளர் அய்யா என்னைத் தேடித்தான் வந்தார்.

பாளையங்கோட்டை, மதுரை, நாகர்கோவில் என்று கல்லூரி கல்லூரியாக அலைந்து மாணவர்களை ஜெபக் குழுக்களாகச் சேர்ப்பது அவர் வேலை. வருஷம் ஒருமுறை எல்லாரையும் மூன்று நாள் முகாமுக்குக் கூட்டுவார். காலையில் ஒரு மணி நேரம் மௌன வேளை. அவர் மணி அடிக்கும்வரை பேச்சுக் கிடையாது. சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதிக் காட்டலாம். நாங்கள் மாதா கோவில்காரர்கள். கொட்டும் பாட்டும் இல்லாமல் எங்களுக்கு ஜெபம் ஏது?

"இப்படி இருந்தா சாமிக்குக் கேக்குமா அய்யா?" என்றேன் முதல் நாள்.

"நீரு போடுத சத்தத்துல அவரு பேசுதது உமக்குக் கேக்குமா வே?" என்று சிரித்தார்.

இரண்டாம் நாள் ஒரு பையன் தனிமை தேடி, கரையோரம் கட்டிக்கிடந்த ஓடத்தில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டான். நான் கருப்பட்டிக் காப்பி கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். அய்யா வந்து ஒரு சீட்டை நீட்டினார். எனக்கு அப்போது ஓரெழுத்தும் தெரியாது. காலேஜ் பையன்கள் முன்னால் அதைக் காட்டிக்கொள்வேனா? படிப்பதுபோல் மேலும் கீழும் பார்த்துத் தலையாட்டினேன். காப்பியைத்தான் கேட்கிறார் என்று அடுப்பில் இன்னும் இரண்டு சுள்ளியைச் செருகினேன். அவரும் நம்பித் திரும்பிப் போனார்.

தலை நிமிர்ந்தபோது ஓடம் வெகுதூரம் போயிருந்தது. மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று அதை வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. நீச்சல் தெரியாத பையன் எழுந்து நின்று கையை வீசினான். அவன் சத்தம் கரைக்கு எட்டவில்லை. பாய்ந்தேன். "உக்காருலே, கவுத்திராத!" என்று கத்திக்கொண்டே நீந்தி, கயிற்றைப் பல்லில் கடித்து இழுத்து வந்தேன். வேறு எவனாலும் முடிந்திருக்காது, இன்றும் சொல்வேன்.

"அண்ணாச்சி இல்லேன்னா இவன் இலங்கையிலல்லா காப்பி குடிச்சிருப்பான்!" என்று பையன்கள் என்னைத் தோளில் தூக்கினார்கள். அய்யா மட்டும் சிரிக்கவில்லை.

"தப்பு எம்மேல. கயிறு தளருதுன்னு வாயத் தொறந்து சொல்லாம சீட்டு எழுதிக்கிட்டு இருந்தேன்" என்றார், எல்லார் முன்னாலும். சீட்டை யாரிடம் கொடுத்தார் என்று சொல்லவில்லை. பையனின் தகப்பனாருக்கும் அப்படியே எழுதினார். அதற்குப் பிறகு முகாம் நடத்தும் பொறுப்பைச் சங்கத்தார் அவருக்குக் கொடுக்கவில்லை.

நாற்பது வயதுக்குமேல் நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றேன். அதற்குள் அவர் காலமாகிவிட்டார். தீவுக்கு இப்போது தரைவழியாகவே கார் போகிறது. நீந்திய கதையை நான் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. சீட்டுக் கதையை இன்றுதான் சொல்கிறேன். சொல்ல ஒரு சந்தர்ப்பத்தை அவர் அப்போதே எனக்குத் தந்தார். முகாம் முடிந்து வள்ளம் கரை திரும்பும்போது, சுக்கான் பிடித்திருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"உமக்கு எழுத்துத் தெரியுமா தம்பி?"

"நல்லாத் தெரியும் அய்யா" என்றேன்.

"சரி" என்றார்.