சொங்சிங்கில் ஒரு காற்சட்டையைத் தேடி

செவ்வாய், பகல் 11 மணி, டொரன்டோ. விமான நிலைய வரிசையில் நிற்கும்போதே பெரியண்ணை தன் இடுப்புப் பையைப் பதினாலு தடவை தடவிப் பார்த்துவிட்டார். நான் எண்ணிக்கொண்டுதான் நின்றேன்.

"அண்ணை, உதுக்குள்ளை என்ன வைரமே வைச்சிருக்கிறியள்?"

"நீ பேசாம நில். உன்ரை பாஸ்போர்ட்டையும் தா. ரெண்டும் ஒரு ஆளிட்டை இருக்கட்டும்."

கொடுத்தேன். கொடுக்காவிட்டால் அடுத்த இருபது மணித்தியாலமும் அதைப் பற்றியே பேசுவார். அண்ணை டொரன்டோவின் மேற்கே ரெக்ஸ்டேலில் இருக்கிறார். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் நின்று ஓய்வு பெற்றவர். நான் அவரின் தங்கை, கிழக்கே ரூஜில் இருக்கிறேன், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். ஆளனுப்பும் ஏஜென்சி பிடித்து நாடு நாடாக இறங்கி ஏறிக் கனடா வந்தபிறகு, முப்பது வருடத்துக்கு மேலாக அண்ணை விமானத்தில் கால் வைத்ததில்லை. எங்கள் கடைசித் தங்கை சுகந்தியின் கணவர் மானிப்பாயில் இறந்தபோதும் அவர் போகவில்லை. சீருடை போட்ட அதிகாரியைக் கண்டால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தச் செத்தவீட்டுக்குப் போகாத குற்ற உணர்வில்தான், "உன்ரை பிள்ளையின்ரை கலியாணத்துக்கு நான் வந்து தாரை வார்ப்பன்" என்று சுகந்திக்கு வாக்குக் கொடுத்தார். தகப்பனில்லாத பிள்ளைக்குத் தாய்மாமன்தானே அந்த இடத்தில் நிற்கவேண்டும். அண்ணி இரண்டு கிழமைக்கு முன்பே போய்விட்டார். ஞாயிறு காலை முகூர்த்தம்.

சீனா வழியாகப் போகும் யோசனை என்னுடையது. ஆளுக்கு 1,640 டொலர், மற்ற எல்லா வழியையும் விட மலிவு. விசா இல்லாமல் சில நாள் தங்கியும் போகலாம். வீட்டுக்குள்ளால் ரயில் போகும் நகரத்தைத் தொலைபேசியில் பார்த்ததிலிருந்து எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. அண்ணை வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் விடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்தது முழுவதும் என் தலையில்தான் விழவேண்டும்.

புதன், இரவு 9 மணி. ஷாங்காயில் விமானம் மாறி சொங்சிங்கில் இறங்கினோம். விடுதி நகரத்தின் நடுவே, ஓர் இரவுக்கு 298 யுவான். ஒரு கனடா டொலருக்கு ஐந்து யுவான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவு மேசையில் கடவுச்சீட்டுக் கேட்டார்கள். அண்ணை ஒரு தூணுக்குப் பின்னால் போய், கொஞ்ச நேரம் மறைந்து நின்று, இரண்டையும் கொண்டுவந்தார். இடுப்புப் பையைத் திறக்க இவ்வளவு வெட்கமா என்று சிரித்துக்கொண்டேன்.

வியாழன். இந்த ஊருக்குத் தரை என்று ஒன்று இல்லை. இரண்டு பெரிய ஆறுகளுக்கு நடுவே நிற்கும் மலையில் மாடிக்கு மேல் மாடி ஏற்றியிருக்கிறார்கள். ஒரு கட்டடத்தின் முன் சதுக்கத்தில் நின்று, பரந்த வெளி, பூச்சாடி, ஓடி விளையாடும் பிள்ளைகள் எல்லாம் பார்த்துவிட்டுக் கைப்பிடிச் சுவரால் எட்டினேன். கீழே இருபத்திரண்டு மாடி. லிஸிபா நிலையத்தில், சனம் குடியிருக்கும் பத்தொன்பது மாடிக் கட்டடத்தின் வயிற்றுக்குள்ளால் ரயில் சாதுவாக நுழைந்து போகிறது. பயணச் சீட்டு மூன்று யுவான். ஒவ்வொரு நிலைய வாசலிலும் பையை இயந்திரத்துக்குள் விடவேண்டும், ஆளையும் தடவிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் அண்ணை இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றார். யாரும் தூக்கச் சொல்லவில்லை.

"கையை இறக்குங்கோ அண்ணை, சனம் பாக்குது."

"பாத்தாப் பாக்கட்டும். சுட மாட்டினம்தானே?"

பகிடிக்குச் சொன்னாரா, உண்மையாகவே கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை இந்த ஊர்ச் சாப்பாடு: மேசை நடுவே கொதிக்கும் மிளகாய் எண்ணெய்ச் சட்டி, அதில் இறைச்சியை முக்கி முக்கித் தின்பது. இருவருக்கும் 164 யுவான். அண்ணை ஒரு மாட்டிறைச்சித் துண்டோடு மல்லுக்கட்டியதில் அரைக் கரண்டி எண்ணெய் அவரது சாம்பல் நிறக் காற்சட்டையில் கொட்டிவிட்டது. உறைப்பும் பூண்டும் அறை முழுக்க நாறியது.

வெள்ளி, காலை 8.30. அண்ணை குளித்து, வேறு காற்சட்டை மாட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் சாப்பாட்டு அறைக்கு இறங்கிவிட்டார். அலுமாரியைத் திறந்தேன். எண்ணெய்க் காற்சட்டை தொங்குகிறது. பெட்டிக்குள் கல்யாணச் சீலைகள் ஆறு இருந்தன. இந்த நாற்றத்தை அவற்றோடு சேர்த்து அடைத்தால் மானிப்பாய் வரை மணக்கும். சலவைப் பையில் போட்டு, அறை கூட்ட வந்த பெண்ணிடம் கொடுத்தேன். பகல் 3 மணிக்குத் தந்துவிடுவார்களாம், 35 யுவான். விமானம் மாலை 6.40க்கு. குன்மிங் போய், அங்கிருந்து இரவோடிரவாகக் கொழும்பு. எல்லாம் கச்சிதமாக இருக்கிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டு கீழே இறங்கினேன். பக்கப் பைகளைத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். ஒரு பல்லுக்குத்தியும் ஒரு கைலேஞ்சியும் மட்டும் இருந்தன.

பகல் 11.50. யாங்சி ஆற்றுக்கு மேலால் கம்பியில் தொங்கிப்போகும் வண்டிக்கு வரிசையில் நின்றோம். ஒரு வழிக்கு 20 யுவான். யன்னலில் இருந்த பெண் கடவுச்சீட்டைக் கேட்டாள்.

"எடுங்கோ அண்ணை."

"கொண்டுவரேல்லை. அறையிலை பத்திரமா இருக்கு."

"பெட்டிக்குள்ளையோ?"

"பெட்டியை ஆரும் உடைப்பான். நேத்தையான் காற்சட்டைக்குள்ளை வைச்சிட்டன். அந்த நாத்தத்துக்கு ஒரு கள்ளனும் கிட்ட வரான்."

"நான் பொக்கற்றுக்குள்ளை பாத்தனே!"

"அதுக்குள்ளை இல்லை. உள்ளுக்கை, இடுப்புப் பட்டிக்குக் கீழை, தைச்ச பொக்கற். ஏஜென்சியிலை வந்த காலத்திலை கொழும்பு லொட்ஜிலை பெடியள் தைச்சுத் தந்தவங்கள். அண்டையிலையிருந்து எல்லாக் காற்சட்டைக்கும் நானே தைக்கிறனான்."

இடுப்புப் பை எதற்கு என்று கேட்டேன். கள்ளனுக்காம். அதற்குள் சீப்பும், காலாவதியான பஸ் அட்டையும், நாலு இனிப்பும் இருந்தன. சலவைக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். வரிசையை விட்டு விலகி நடக்கத் தொடங்கினார்.

12.25, விடுதி. பதிவு மேசைப் பெண்பிள்ளை தொலைபேசியில் பேச, அது ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது. உடுப்பு வண்டி ஒன்பது மணிக்கே போய்விட்டது. தோய்க்கும் இடம் தென்கரையில். இப்போது மதிய ஓய்வு, இரண்டு மணி வரை யாரும் தொலைபேசி எடுக்க மாட்டார்கள். ஐந்து தடவை அடித்தாள். முகவரியைத் தாளில் எழுதி, டாக்ஸி மறித்து ஏற்றிவிட்டாள்.

12.50. பாலத்தில் வாகனங்கள் நெருக்கியடித்து நின்றன. ஆற்றின் இரு கரையிலும் கண்ணாடிக் கோபுரங்கள் வெயிலில் மின்னின. இதைப் பார்க்கத்தான் பாதி உலகம் சுற்றி வந்தேன். ஒன்றும் கண்ணில் ஏறவில்லை. சாரதி ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். அண்ணையைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒரு தண்ணீர்ப் போத்தலைப் பின்னால் நீட்டினார். அண்ணை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். குடிக்கவில்லை.

1.25. வண்டி நின்றது. இதுதான் இடம் என்று சாரதி கையால் காட்டினார். மீட்டரில் 38 யுவான். தொலைபேசியில் எங்கள் நீலப் புள்ளி சரியாக அந்த முகவரியின் மேல் நிற்கிறது. ஆனால் எதிரே இருந்தது ஒரு பல் வைத்தியசாலை! சாரதி இறங்கி வந்து, வீதியோரக் கம்பியால் எட்டிக் கீழே விரலை நீட்டினார். நாங்கள் நின்ற வீதி பத்தாவது மாடி. தோய்க்கும் இடம் அடியில், அதே புள்ளியில். மின்தூக்கிக்கு முன்னால் இருபது பேர் நின்றார்கள். அண்ணை படியைப் பிடித்தார். முழங்கால் நோவுக்காரர், கனடாவில் மார்க்கம் கோயிலில் மூன்று படி ஏற என் தோளைப் பிடிப்பவர், அன்று பத்து மாடியும் எனக்கு முன்னால் இறங்கினார்.

1.40. ஈரச் சூடு அடிக்கும் நீண்ட கூடம். ஒரு நடுத்தர வயதுப் பெண் மடித்த விரிப்புகளின் மேல் படுத்து நித்திரை. தட்டி எழுப்பினோம். விடுதிச் சீட்டைக் காட்டியதும் பைகளைத் தேடினாள். எங்கள் இலக்கம் போட்ட பை வெறுமையாகக் கிடந்தது. அவள் திரும்பி, ஓடிக்கொண்டிருந்த பெரிய இயந்திரத்தைப் பார்த்தாள்.

வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை விரிப்புகள், யாருடையதோ ஒரு நீலச் சட்டை, பிறகு சாம்பல் நிறக் காற்சட்டை. மேலே போய், விழுந்து, மறுபடி மேலே போனது. அவள் நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். தண்ணீர் வடியும்வரை கதவு திறக்காதாம். ஐந்து நிமிடம்.

அண்ணை கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்காமலே பேசினார்.

"கனடாவுக்கு வரேக்கை பிளேனிலை டொய்லெட்டுக்குள்ளை வைச்சு நானேதான் பாஸ்போர்ட்டைக் கிழிச்சனான் ரஞ்சி. இல்லாட்டித் திருப்பி அனுப்பிப்போடுவினமெண்டு ஏஜென்ட் கிழிக்கச் சொன்னவன். ஒவ்வொரு தாளாக் கிழிச்சுத் தண்ணியிலை விட்டனான். என்ரை படம் மட்டும் போகாமச் சுத்திச் சுத்தி வந்தது."

எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் அவர் அதைச் சொன்னதேயில்லை.

கதவு திறந்தது. அண்ணையே கையை விட்டு இழுத்து, உள்பக்கத்தைப் புரட்டி, ஈரத்தில் இறுகிக் கிடந்த பையின் தையலைப் பல்லால் கடித்துப் பிய்த்தார். முதலில் வந்தது பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கறுப்பு ஒட்டு நாடா சுற்றிய ஒன்று. அடுத்தது ஊறிப் பருத்த கூழ். அட்டை கையோடு கழன்று வந்தது. முகம் இருந்த பக்கம் கொப்பளித்து, பெயரில் பாதி போய்விட்டது. உறைக்குள் இருந்தது என்னுடையது. கூழாகிப்போனது அவருடையது.

அந்தப் பெண் ஓடிப்போய்த் துணி உலர்த்தும் சூட்டுக் குழாயைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காய வைத்தாள். காசு நீட்டினேன், கையைத் தட்டிவிட்டாள்.

4.30, விமான நிலையம். விடுதியில் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வந்து சேர அவ்வளவு நேரமாகிவிட்டது. மேசைப் பெண் என்னுடையதைப் பார்த்தாள், சரி. அண்ணையுடையதை இரண்டு விரலால் தூக்கினாள். மேலதிகாரி வந்தார், சீருடையோடு. நான் பேச வாய் திறக்க முன்னம் அண்ணை முன்னால் போனார். தனக்குத் தெரிந்த தொழிற்சாலை ஆங்கிலத்தில், தங்கையின் மகள், தகப்பன் இல்லை, ஞாயிற்றுக்கிழமை என்று நின்று நிதானமாகச் சொன்னார். அந்த மனிதர் கடைசிவரை கேட்டார். பிறகு, மன்னிக்கவேண்டும், இந்தப் புத்தகத்தோடு கொழும்பில் இறங்க விடமாட்டார்கள், கனடாத் துணைத் தூதரகத்துக்குப் போங்கள் என்றார். வெள்ளிக்கிழமை மாலை. அது திறக்கத் திங்கள் ஆகும்.

"நானும் நிக்கிறன் அண்ணை."

"விசர்க் கதை கதையாதை. ரெண்டு பேரும் இல்லாட்டிச் சுகந்தி உடைஞ்சு போவாள். மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு முன்னாலை அவளுக்குப் பக்கத்திலை ஆர் நிக்கிறது? தாரையை அவளின்ரை புருசன் பக்கத்து மச்சான்காரன் வார்க்கட்டும். நீ போ."

"நீங்கள் இஞ்சை தனிய..."

"தெரியாத ஊரிலை தனிய நிக்கிறது எனக்குப் புதுசே?"

அழுதேன். நூறு பேருக்கு முன்னால், மூக்கு ஒழுக அழுதேன். அவர் சுகந்திக்குத் தானே அழைத்துச் சொன்னார். மறுமுனையில் அவள் அழுதது எனக்கும் கேட்டது. "நான் வாறன் பிள்ளை, பிந்தித்தான் வருவன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். கல்யாணச் சீலைப் பெட்டியை என்னோடு அனுப்பிவிட்டு, ஒரு சிறு பையோடு நின்றார். என்னிடமிருந்த 1,200 யுவானையும் அவரது சட்டைப்பையில் திணித்தேன்.

5.40. பாதுகாப்புச் சோதனை வாசல். அதற்கு அப்பால் அவர் வரமுடியாது. டொரன்டோவில் பஸ் ஓட்டும்போது எந்தப் பிள்ளையையும் வாசலில் ஆள் நிற்காமல் நான் இறக்கிவிட்டதில்லை. அது எங்கள் வேலையின் சட்டம். இங்கே, எது தரை எது மாடி என்று தெரியாத நகரத்தில், பேச ஒரு சொல் தெரியாத என் அண்ணனை நானே இறக்கிவிட்டுப் போகிறேன். இரண்டடி போய்த் திரும்பி வந்து, அத்தனை நேரம் கேட்கப் பயந்ததைக் கேட்டேன்.

"ஏன் அண்ணை என்ரையை மட்டும் உறையிலை போட்டனீங்கள்?"

அவர் என் தோள்பை வாரைச் சரிசெய்துவிட்டார்.

"உறை ஒண்டுதானே பிள்ளை இருந்தது."

வரிசை நகர்ந்தது. அதிகாரி என் கடவுச்சீட்டை விரித்து, படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு தாள்கூட நனைந்திருக்கவில்லை. போகலாம் என்று கையைக் காட்டினார்.