சோம்பேறி வாயு

பட்டறையில் நெட்டையனைப் பற்றிக் கேட்டால், "கை சுத்தம், வாய் மோசம்" என்பார்கள். எஃகுத் தொட்டிக்குள் இறங்கி வெல்டிங் வைப்பது அவன் பிழைப்பு. அதற்கு ஆர்கான் வேண்டும். நாம் இழுக்கிற மூச்சில் நூற்றில் ஒரு பங்கு அதுதான். காற்றைக் குளிரவைத்துப் பிரித்து, சிலிண்டரில் அடைத்துத் தருகிறார்கள். எரியாது, எதோடும் ஒட்டாது. உருகின எஃகைக் காற்று தொடாமல் காக்கும். மணமும் நிறமும் கிடையாது. காற்றைவிடக் கனம், பள்ளம் கண்டால் அங்கிருக்கிற காற்றைத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். பட்டறையில் அதற்குச் சோம்பேறி என்று பேர். என்னத்தைச் சொல்ல, ஆளை முழுங்குகிற சோம்பேறி!

அவன் மாமனாரும் அங்கே வெல்டர்தான். அவர் மகன், மச்சான், மெருகு போடுகிறவன். அன்று சாப்பாட்டு நேரத்தில் மாமனார், ஆர்கான் குழாயை மேலே இழுக்க அலுத்துப்போய், தொட்டிக்குள்ளேயே போட்டுவிட்டு ஏறி வந்தார். சிலிண்டரையும் மூடவில்லை. எல்லாரும் செய்கிற காரியம்தான்.

சாப்பிட்ட கையோடு மச்சான் மெருகு போட இறங்கினான். ஏணியின் அடிக்குப் போனதும் கால் மடங்கி விழுந்தான். ஒரு சத்தம் போடவில்லை.

பார்த்த மாமனார் உள்ளே பாயப் போனார். நெட்டையன் அவரை இடுப்போடு கட்டிப் பிடித்தான்.

"விடுங்க மாப்ள, என் புள்ள."

"இறங்கினா நீங்களும் பொணம் மாமா. முதல்ல காத்து போகட்டும்."

அவர் அவன் கையைக் கடித்தார். அவன் விடவில்லை. மற்றவர்கள் சிலிண்டரை மூடி, காற்றாடி வைத்து, இறங்கித் தூக்கியபோது மச்சானுக்கு மூச்சு இல்லை.

காரியமெல்லாம் முடிந்தும் வீட்டில் அவனிடம் யாரும் முகம் கொடுக்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று சொந்தபந்தம் கைகொட்டிச் சிரிக்காத குறை. குழாயைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்றுதான் அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். கடைசியில் பெண்டாட்டி, கூடம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு, "நீங்களும் இறங்கல, எங்கப்பாவையும் இறங்க விடல. என் தம்பியக் கொன்னது நீங்கதான்" என்றாள்.

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "உள்ள குழாயைப் போட்டுட்டு, சிலிண்டர மூடாம வந்தது யாருன்னு உங்கப்பாவக் கேளு."

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்கு அதுவரை அந்த நினைப்பே வரவில்லை. முகம் வெளுத்ததில் எல்லாருக்கும் அது தெரிந்தது. மகள் பக்கம் திரும்பாமல், மருமகனையே பார்த்தார்.

"அப்ப என்னை எதுக்கு மாப்ள பிடிச்சு வச்சீங்க?"